சிம்னியை நகர்த்தியவன்

ஆபீசில் எனக்கு 'மரம்' என்று பெயர். சங்கரலிங்கம் என்று கையெழுத்துப் போடும் மனிதனை அப்படிக் கூப்பிட இரண்டு காரணங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மரம் வரையப் போய்விடுவேன் என்பது ஒன்று. மேலதிகாரி என்ன சொன்னாலும் பதில் பேசாமல் நிற்பேன் என்பது மற்றொன்று. முதலாவதற்காகத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அறுபத்தெட்டில் தென்காசியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நெய்வேலியில் வந்து இறங்கினேன். டிராயிங் ஆபீசில் ட்ரேசர் வேலை. வெளிநாட்டுக்காரன் போட்ட இயந்திரப் படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்து, கோட்டுக்குக் கோடு மசியால் இழுக்க வேண்டும். மூன்று வருஷம் பல்சக்கரமாக இழுத்தேன். சலிப்புத் தாங்காமல் தாளின் ஓரத்தில் மேஜைக்கு வந்த எறும்பு, ஜன்னலுக்கு வந்த தவிட்டுக்குருவி என்று எதையாவது வரைந்து வைப்பேன். அதை விளம்பரப் பிரிவு அதிகாரி பரமசிவம் சார் பார்த்துவிட்டார்.

"இவரை எனக்குக் குடுத்துருங்கய்யா. பல்சக்கரத்துக்கு வேற ஆள் கிடைப்பான்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்.

அது என் நல்ல காலம். சுரங்கத் தொழிலாளிகள் ஹெல்மெட் போட மறுத்துக்கொண்டிருந்தார்கள். தடித்த முள்தோலோடு ஒரு பலாப்பழத்தைப் பெரிதாக வரைந்து, 'பழத்துக்கே இவ்வளவு தோல். உன் தலைக்கு?' என்று எழுதினேன். ஷிப்ட் பஸ்களில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஹெல்மெட்டுக்கே 'பலாத்தோல்' என்று பெயர் வந்துவிட்டது. அப்புறம் தூக்கணாங்குருவிக் கூட்டை வைத்து ஒன்று, முந்திரி இலையை எழுத்தாக வளைத்து மாதப் பத்திரிகைக்கு ஒன்று. எதைக் கேட்டாலும் நான் செடியிலும் பறவையிலும் போய்த்தான் தேடுவேன்.

கற்பனை எனக்கு வராது. கண்ணால் பார்த்ததைத்தான் வரைய வரும். அந்த இயலாமைக்குக் கொள்கை என்று பெயர் வைத்து, "இல்லாததை நான் வரைய மாட்டேன்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மனைவி பார்வதிதான் மசியவில்லை. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது. பஜாருக்குப் போயி நெசச் சுரைக்காய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்பாள். பையை வாங்கி சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, பஜாருக்கு எதிர்த்திசையில் போய்விடுவேன்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சாத்தன்கொல்லையில் அந்தப் பலாமரத்தைப் பார்த்தேன். எழுபத்து மூன்று, சித்திரை மாதம். சுரங்கம் அந்த ஊர்ப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. நிலத்தை எடுக்க நோட்டீஸ் வந்துவிட்டது.

மரம் ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. புயலில் சாய்ந்ததை யாரோ ஓர் உடைந்த அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். வருஷம் போகப் போக மரம் பருத்து அந்தக் கல்லைப் பாதிக்குமேல் விழுங்கிவிட்டது. அந்தக் கல்லை ஒட்டியே அடிமரத்தில் ஏழு காய்கள் தொங்கின. வடக்கே இருந்த மேட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வரைந்தேன். பின்னால் ஆள் வந்து நின்றதே தெரியவில்லை.

"கல்லக்கூட வுடலீங்களே!" என்றது ஒரு குரல்.

மரத்துக்குச் சொந்தக்காரி, பெயர் அமிர்தம். அப்போது முப்பது வயதிருக்கும். கணவன் இறந்து நாலு வருஷம், பிள்ளை இல்லை. இரண்டு காணி முந்திரிக் கொல்லை, ஒரு கிணறு, இந்த மரம். முட்டுக் கொடுத்தவர்கள் அவளும் கணவனும்தான். புயல் மழையில் அவன் மரத்தைத் தோளால் தாங்கிப் பிடிக்க, அவள் அம்மியை உருட்டிக்கொண்டு வந்தாளாம்.

"எத்தினி காயின்னு எண்ணிப் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஏழு."

"ஏழுதாங்க. நானும் காலையில எண்ணிக்கினுதான் போனேன்."

"இல்லாததை நான் வரைய மாட்டேம்மா" என்றேன். வழக்கமான பெருமைதான். அவள் தலையை ஆட்டி அதை மனதில் வாங்கிக்கொண்டது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த மாதம் பரமசிவம் சார் மூன்று பெரிய படங்கள் கேட்டார். கண்காட்சிகளில் வைப்பதற்கு. மண்ணை வெட்டுவது, குழியை நிரப்புவது, நிரப்பிய பிறகு பச்சையாவது. முதல் இரண்டையும் நேரில் பார்த்து வரைந்துவிட்டேன். மூன்றாவதற்காக நிரப்பிய இடத்துக்குப் போனேன். சாம்பல் நிறத்தில் மேடு மேடாக மண். அடியில் கிடந்தது மேலே, மேலே இருந்தது அடியில். சவுக்குக் கன்றுகள் நட்டிருந்தார்கள். முழங்கால் உயரம்கூட வரவில்லை.

"சார், அங்கே வரைய ஒண்ணுமில்லையே" என்றேன்.

"ஓய், இன்னும் இருவது வருஷம் கழிச்சு இருக்கிறதைப் போடும்."

இருபது வருஷம் கழித்து இருப்பதை நான் எங்கே போய்ப் பார்ப்பது? முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மரம் அல்லவா! ஸ்கெட்ச் புத்தகத்தைப் புரட்டினேன். அமிர்தத்தின் பலாமரம் இருந்தது. அதையே எடுத்து, சாய்ந்த தண்டு, விழுங்கிய அம்மிக்கல், ஏழு காய்கள் எல்லாவற்றையும் ஐந்தடி அகலப் பலகையில் வர்ணத்தில் தீட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல படம் வரைந்ததில்லை.

ஒன்றே ஒன்றுதான் மாற்றினேன். மேட்டிலிருந்து பார்த்தால் அந்த மரத்துக்குப் பின்னால் தூரத்தில் அனல்மின் நிலையத்தின் சிம்னியும் டவுன்ஷிப் தண்ணீர் டாங்கும் தெரியும். கையை நீட்டி அளந்தால் இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான். சிம்னிப் புகை நேராகக் கிளைகளுக்குள் போய்க் கறுப்பாக அப்பிக்கொண்டிருந்தது. படத்துக்கு அது பொருந்தவில்லை. சிம்னியைப் பிடுங்கி இடப்பக்கம் தள்ளி, சின்னதாக, புகையில்லாமல் நட்டேன். இடைவெளி அதே கணக்கில் ஒரு சாண் ஆயிற்று. படம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

சாத்தன்கொல்லைக்காரர்களோடு பேச்சு நடத்தப் பள்ளிக்கூட வாசலில் பந்தல் போட்டார்கள். பந்தல் வெறுமையாக இருக்கிறதே என்று பரமசிவம் சார் அந்த மூன்று பலகைகளையும் கொண்டுபோய் மாட்டச் சொன்னார். மாட்டியது நான்தான். அதிகாரி நோட்டீசை முழுக்க வாசித்தார். நிலம் திரும்பக் கிடைக்கும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

ஆனால் அமிர்தம் நோட்டீசைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மூன்றாவது படத்தின் முன்னால் நின்றாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இது எம் மரந்தானுங்களே?"

"உன் மரமேதான். அச்சு அசலா இருக்கா?"

"கீழ என்னா எழுதியிருக்குது?"

"குழி மூடிய பிறகு."

"மூடுன பொறவு..." என்று இழுத்தாள். விரலை நீட்டிக் காய்களை எண்ணினாள். "ஏழும் இருக்குது. நீங்க இல்லாதத வரைய மாட்டீங்களே."

"மாட்டேன்" என்றேன்.

அந்தக் கணத்தில் அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என் படத்தை ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டாள் என்ற குளிர்ச்சியில் இருந்தேன். யாரோ ஏணி கேட்டுக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று அந்த ஊரில் ஆறு பேர் சேர்ந்து கடலூர் கோர்ட்டுக்குப் போவதாக இருந்தார்கள். அமிர்தம் ஆறாவது ஆள். எட்டு நாள் கழித்துப் பரமசிவம் சார் என் முதுகில் தட்டினார்.

"ஓய் மரம், அஞ்சு பேருதான் கேசு போட்டிருக்கான். அந்தப் பொம்பளை விலகிருச்சு. மரம் திரும்ப வருதாம்ல, நான் எதுக்குக் கேசு போடணும்னு கேட்டுச்சாம். நாம ஒண்ணுமே சொல்லலை. உம்ம படம் பேசிருச்சுய்யா!"

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, கையில் சோற்றை எடுத்த பிறகுதான் பந்தலில் அவள் கேட்டது என்னவென்று உறைத்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாளே சாத்தன்கொல்லைக்குப் போனேன். அவள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் அழுகை. இவள் முகத்தில் மட்டும் வெளியூர் போய்த் திரும்பப் போகிறவளின் சுறுசுறுப்பு. "கெணத்த நல்லா மூடி வெக்கணும்யா, ஆடு மாடு உளுந்துடும்" என்று கவலைப்பட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஏழில் ஒன்றைக் கயிறு கட்டி இறக்கி, என் கேரியரில் வைத்துக் கட்டிவிட்டாள். "வூட்டுல அம்மாவுக்குக் குடுங்க" என்றாள். சொல்லத்தான் போனேன். பழத்தோடு திரும்பினேன்.

கோர்ட்டுக்குப் போன ஐந்து பேரும் தோற்றார்கள். ஆனால் வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. அந்த மூன்று வருஷமும் அவர்கள் தங்கள் கொல்லையில் முந்திரி பொறுக்கினார்கள். அமிர்தத்தின் மரம் அந்த ஐப்பசியிலேயே விழுந்தது. எப்படியும் போயிருக்கும் நிலம்தானே என்று என் மனசு இன்றுவரை வாதாடிப் பார்க்கிறது. மூன்று வருஷப் பழத்துக்கு அதனிடம் பதில் இல்லை.

மூன்றாவது படத்தை அடுத்த வருஷக் காலண்டராக அச்சடித்தார்கள். எல்லாக் குவார்ட்டர்சிலும் தொங்கியது. டீக்கடையில் தொங்கியது. பல் டாக்டரிடம் போனால் அங்கேயும் தொங்கியது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சுரைக்காய் வாங்கப் பஜாருக்குத்தான் போனேன்.

பார்வதி அந்தப் பழத்தின் கொட்டை ஒன்றைப் பின்கட்டில் ஊன்றியிருந்தாள். டவுன்ஷிப்பில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. எட்டாம் வருஷம் காய்த்தது. அந்த ஆனி மாதம், எண்பத்தொன்றில், ஒரு நாள் வாசலில் அமிர்தம் வந்து நின்றாள். நிரப்பிய மண்மேட்டில் சவுக்குக்குத் தண்ணீர் ஊற்றும் கான்ட்ராக்ட் வேலை. பஸ்ஸில் போகும்போது எங்கள் மதிலுக்கு மேல் மரம் தெரிந்ததாம்.

"எம் மரத்து வெத தானுங்களே? கொட்ட குடுப்பீங்களா?"

கொட்டைதானே என்று பார்வதி ஒரு பை நிறையக் கொடுத்தாள். மறு வருஷமும் வந்தாள். அதற்கு மறு வருஷமும். அவள் வரும் சத்தம் கேட்டால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போய்விடுவேன்.

மூன்றாம் வருஷம் பார்வதி சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அந்த அமிர்தம் கொட்டையைக் குழம்புக்கு வாங்கிட்டுப் போகலையாம். மூணு வருஷமா மைன்ஸ் மேட்டுல கொண்டு போயி நடுதாளாம். ஒண்ணுகூட முளைக்கலைங்கா. நீங்க வரைஞ்ச காலண்டரைக் கையில வச்சுக்கிட்டு, இந்த இடத்துலதான் மரம் வரும்னு சொல்லுதா. கேக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? வரைஞ்சவர்லா சொல்லணும்" என்றாள். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து வருஷத்துக்குப் பிறகு சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன். பிற்பகல் வெயில். மேடு முழுக்கச் சவுக்கு, அதுவும் இடுப்பளவுதான். தனியாக ஓர் இடத்தில் கல் அடுக்கி வட்டமாகப் பாத்தி கட்டியிருந்தது. பக்கத்தில் குடத்தோடு அமிர்தம் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. தண்ணீர் லாரி நிற்கும் இடம் அங்கிருந்து ஒரு மைல்.

"வாங்கய்யா, நீங்களே வந்துட்டீங்க! எடம் சரிதானான்னு உங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

பாலிதீன் உறையிலிருந்து காலண்டர் படத்தை எடுத்தாள். மடிப்புகளில் வெளுத்திருந்தது. அதைக் கை நீட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூரத்தையும் படத்தையும் மாறி மாறிக் காட்டினாள்.

"கெணறு இல்ல. எல்லக்கல்லு இல்ல. அய்யனாரு கோயிலும் இல்ல. எத்த வெச்சி எடம் கண்டுபுடிக்கறது? எங்க வூட்டுப் பக்கமா இருந்து பாத்தா முந்திரி மறைச்சிக்கும், சிம்னி எங்க இருந்துச்சின்னு நான் பாத்ததே கெடயாது. நீங்க மேட்டுல குந்திக்கினு பாத்தீங்க. உங்க படத்துல சிம்னிக்கும் டாங்கிக்கும் நடுவுல ஒரு சாணு. படத்தப் புடிச்சிக்கினே நடந்து வந்தேன். இங்க வந்து நின்னாத்தான் அதே ஒரு சாணு வருது. எல்லாம் போயிடுச்சிங்க. சிம்னி ஒண்ணுதான் நின்ன எடத்துலயே நிக்குது."

பாத்தியின் கல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அமிர்தம், அந்தச் சிம்னியை நான் தள்ளி வரைஞ்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன்.

"ஏங்க அப்பிடி?"

"படம் அழகா இருக்கும்னு."

படத்தில் இருந்த சிம்னியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப நெசத்துல எவ்ளோ?" என்று கேட்டாள்.

"நாலு விரல். ஆனா அதில்லை நான் சொல்ல வந்தது." எழுந்து நின்று, பத்து வருஷம் தொண்டையில் கிடந்ததை எல்லாம் கொட்டினேன். "இது மண்ணே இல்லைம்மா. அடியில கிடந்த சக்கை. எங்க நட்டாலும் முளைக்காது. நிலத்தை யாரும் திருப்பித் தர மாட்டாங்க. தர்றேன்னு யாரும் சொல்லவுமில்லை. நான்தான் இருந்த மரத்தை எடுத்து வரப்போற மரம்னு வரைஞ்சு வச்சேன். நீ என் படத்தை நம்பிக் கேசுல இருந்து விலகுனே. அன்னைக்கே சொல்ல வந்தேன். சொல்லலை. என் தப்பும்மா. என்னை நாலு வார்த்தை ஏசு."

ஏசவில்லை. காய்ச்சல்காரன் பிதற்றுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல நிக்கிறது உன் மரத்தோட பிள்ளைதானே? அதை உன்னோடதா வச்சுக்கோ" என்றேன்.

"அது கம்பெனி கோட்ரஸ் மரங்க. உங்களுதே இல்லியே" என்றாள். பிறகு படத்தை என் முன்னால் விரித்தாள். "மரம் நெசந்தானுங்களே?"

"நெசம்."

"அம்மிக்கல்லு?"

"நெசம்."

"ஏழு காயி?"

"நெசம்தான்."

"சிம்னி ஒண்ணுதான் தப்பு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பந்தலில் அன்று பார்த்த அதே மலர்ச்சி அதில் வந்துகொண்டிருந்தது. ஐயோ என்று இருந்தது.

"அதானே பாத்தேன்! மூணு வருசமா எங்கூட்டு வெத ஏன் மொளைக்கலன்னு. எடம் தப்பு!" என்றாள்.

நாலு விரலை ஒட்டிக் கண்ணுக்கு நேரே நீட்டிக்கொண்டு மேட்டின் ஓரம் வரை நடந்தாள். நின்றாள். கீழே, மழைத் தண்ணீரும் சுரங்கத் தண்ணீரும் தேங்கி, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய குட்டை கிடந்தது. அதன் கரையில் ஒரு புல் இல்லை.

"அங்க வரும்போலக்கீதே. நாலு வெரலு அங்கதான் வரும். தண்ணிகூட நிக்குது பாருங்க. எங்க கெணறு இருந்த எடந்தான் அது, வேறென்ன!"

திரும்பி வந்து படத்தை என்னிடம் நீட்டினாள். "சிம்னிய அது எடத்துல வெச்சிக் குடுங்கய்யா. மறுக்கா எனக்குத் தப்பிப்போச்சின்னா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் சட்டைப் பையில் பென்சில் இல்லாத நாள் கிடையாது. முழங்காலில் படத்தை வைத்துக்கொண்டு, மரத்துக்கு வலப்பக்கம், டாங்குக்கு நாலு விரல் தள்ளிச் சிம்னியை வரைந்தேன். புகையையும் போட்டேன். இடப்பக்கம் இருந்ததைக் குறுக்கே அடித்தேன். இப்போது அந்தப் படத்தில் ஒரு தப்பும் இல்லை.

அவள் அதை வாங்கிப் பார்த்து, உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். கொட்டைப் பையை எடுத்து இடுப்பில் செருகினாள். சரிவில் இறங்கிப் போனாள். குடத்தை என் பக்கத்திலேயே விட்டுவிட்டாள். அங்கேதான் தண்ணீர் இருக்கிறதே.